வெயில் எட்டாத அறைக்கும் ஆர்க்கிட் உண்டு

வீடு திரும்பும் நோயாளிகளுக்கு உறவினரும் நண்பரும் அளிக்கும் பரிசுகளில் இப்போது ஆர்க்கிட் செடியும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. மருந்துச் சீட்டுடன் பூந்தொட்டி ஒன்றையும் கையில் ஏந்தி, "இதை வீட்டில் எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் வெயிலே வராதே" என்று உடனிருப்போர் வினவுவதை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். கேள்வி நியாயமானது. பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை ஆகிய பகுதிகளில் பெரும்பாலான வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரே சன்னல் உள்ள அறைகளும், அச்சன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர் நிற்கும் அறைகளும் இங்கு மிகுதி. நோயுற்றவர் நாளெல்லாம் படுத்திருப்பதோ அத்தகைய அறையில்தான்.

அந்த அறைக்கும் ஏற்ற ஆர்க்கிட்டுகள் உண்டு. ஆயினும் எல்லா ஆர்க்கிட்டும் எல்லா அறைக்கும் ஏற்றதன்று. எல்லா நோயாளிக்கும் ஏற்றதுமன்று. செடியைத் தேர்வதற்கு முன் இருவரை அறிந்துகொள்ள வேண்டும்: ஒருவர், அறையில் இருக்கும் நோயாளி, மற்றவர், அறைக்குள் வரும் சூரியன். இவ்விரண்டையும் அறிந்து தேர்ந்த செடி, வாரத்துக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் எவரிடமும் கேட்காது.

யாருடைய அறையில் செடி கூடாது?

இதை முதலிலேயே சொல்லிவிடுவது எங்கள் கடமை. செடி நட்ட மண்ணிலும் மட்டைத்துண்டிலும் பாசியிலும் 'அஸ்பெர்ஜில்லஸ்' முதலிய பூஞ்சைகளின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். உடல்நலமுள்ளவர் அவற்றை நாள்தோறும் சுவாசித்தும் ஒன்றும் நேர்வதில்லை. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கோ அவை நுரையீரலில் கடுமையான தொற்றை உண்டாக்கக்கூடும்.

ஆகவே பின்வருவோரின் அறையில் தொட்டிச் செடியோ, குவளையில் இட்ட பூங்கொத்தோ வைக்க வேண்டா:

• புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை பெற்று, வெள்ளை அணுக்கள் குறைந்திருப்பவர்கள்
• எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள்
• சிறுநீரகம் முதலிய உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து உட்கொள்பவர்கள்
• நீண்ட நாள்களாக மிகுந்த அளவில் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்கள்
• தீக்காயம் அல்லது ஆறாத பெரும்புண் உடையவர்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் செடிகளையும் பூக்களையும் அனுமதியாததற்கும் இதுவே காரணம். வீடு திரும்பியபின் எப்போது வைக்கலாம் என்பதை உங்கள் மருத்துவரே கூற வேண்டும். அடுத்த வருகையின்போது தயங்காமல் கேளுங்கள். அதுவரை செடியை வேறு அறையிலோ, மூடிய கண்ணாடிச் சன்னலுக்கு வெளியிலோ வைத்து, உடனிருப்பவர் கவனித்துவரலாம். பார்ப்பதற்குத் தடையில்லை.

மற்றவர்களும் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிப்பது நலம். உலர்ந்த நடவுக்கலவையைக் கிளறும்போது தூசு பறக்கும். எனவே முதலில் நீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், முகக்கவசம் அணியுங்கள். கையில் வெட்டுக்காயமோ ஊசி செலுத்திய புண்ணோ இருந்தால் கையுறை வேண்டும். நீரிழிவு உடையவர்கள் உடைந்த ஓட்டுச்சில்லின்மீது வெறுங்காலோடு நடக்கலாகாது. செடியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுவது அனைவருக்கும் பொது.

கண்ணை நம்பாதீர், நிழலை நம்புங்கள்

'குறைந்த ஒளி' என்பது இருட்டு அன்று. சன்னலே இல்லாத அறையில் எந்த ஆர்க்கிட்டும் வாழாது. நம் கண் மங்கிய ஒளிக்கும் விரைவில் பழகிவிடுவதால், அறை வெளிச்சமாக இருப்பதாகவே நமக்குத் தோன்றும். அளந்து பார்த்தால் உண்மை வேறு. நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நிழலை விரும்பும் ஆர்க்கிட்டுகளுக்கு 10,000 முதல் 15,000 லக்ஸ் வரை போதும். சன்னலிலிருந்து சில அடி தள்ளிய கட்டிலருகே அது சில நூறாகக் குறைந்துவிடும். செய்தித்தாள் படிக்க அது போதும். செடி உணவு சமைக்கப் போதாது.

அளக்கக் கருவி வேண்டியதில்லை. நண்பகல் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் மின்விளக்கை அணைத்துவிட்டு, செடி வைக்க எண்ணும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரியுங்கள். அதற்கு ஓர் அடி உயரத்தில் உள்ளங்கையைப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி கூர்மையான நிழல் விழுந்தால் அவ்விடத்தில் ஒளி மிகுதி. ஓரம் மங்கி, கையின் வடிவம் மட்டும் தெரிந்தால் நாம் தேடும் இடம் அதுவே. நிழலே விழாவிட்டால் அங்குச் செடி மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கும்.

நம் ஊரில் கிழக்குச் சன்னல் மிகச் சிறந்தது. காலை வெயில் ஓரிரு மணி நேரம் விழுந்தாலும் தீங்கில்லை. வடக்குச் சன்னலும் நன்று. ஆனால் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் சென்னைக்குச் சற்று வடக்கே நிற்கும்; அம்மாதங்களில் வடக்குச் சன்னலிலும் நேர்வெயில் எட்டிப்பார்க்கும். தெற்குச் சன்னலில் மார்கழி, தை மாதங்களில் வெயில் உள்ளே சாயும். மேற்குச் சன்னலில் பிற்பகல் வெயில் இலையைச் சுட்டுவிடும். அங்கு ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் போதும்.

போதிய ஒளி எவ்விடத்திலும் கிடையாதெனில் எல்.இ.டி. குழல்விளக்கு உதவும். 20 வாட் விளக்கைச் செடிக்கு ஓர் அடி மேலே கட்டி, காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை எரிய விடலாம். மாதத்துக்கு ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரம் செலவாகும். இரவில் அதை அணைத்துவிட வேண்டும். செடிக்கும் நோயாளிக்கும் இருள் தேவை.

மூன்று செடிகள்

சென்னையின் வெப்பத்தையும் அறையின் மங்கிய ஒளியையும் ஒருங்கே தாங்கக்கூடியவை சில வகைகளே. முதன்முறை வளர்ப்போருக்கு நாங்கள் மூன்றைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, ஃபலனாப்சிஸ். விரிந்த இதழ்கள் அந்துப்பூச்சியின் சிறகுகளை ஒத்திருப்பதால் இப்பெயர் பெற்றது. தென்கிழக்காசியாவின் வெம்மையான காடுகளில் மரக்கிளைகளின் நிழலில் வாழும் இனம் இது. எனவே நம் ஊரின் வெப்பமும் ஈரக்காற்றும் இதற்குப் பழக்கமானவை. ஒரு முறை பூத்தால் இரண்டு, மூன்று மாதங்கள் வரை வாடாமல் நிற்கும். பெரும்பாலான வகைகளுக்கு மணமில்லை. மணம் இல்லாதது குறையெனச் சிலர் கருதுவர். மருந்தின் விளைவாக எந்த வாசனையும் குமட்டலைத் தரும் நோயாளிக்கு அதுவே நன்மை. மல்லிகைச் சரத்தைத் தாங்க இயலாதவர் அருகிலும் இது இருக்கலாம். மேலும் ஆர்க்கிட் பூவின் மகரந்தம் தூளாகக் காற்றில் பறப்பதில்லை. பிசுபிசுத்த சிறு உருண்டைகளாகப் பூவுக்குள்ளேயே ஒட்டியிருக்கும். ஆகவே மகரந்தத் தூளால் தும்மல் எழும் அச்சம் குறைவு. பூத்த செடி ஒன்றின் விலை சில நூறு ரூபாயில் தொடங்குகிறது.

இரண்டாவது, லுடிசியா. நகை ஆர்க்கிட் என்னும் பெயரும் இதற்குண்டு. இதன் அழகு பூவில் இல்லை, இலையில் இருக்கிறது. கருஞ்சிவப்பு வெல்வெட்டுத் துணியில் செம்புக் கம்பியால் கோடிழைத்ததுபோன்ற இலைகள். குளிர்மாதங்களில் சிறிய வெண்பூக்களும் வரும். காட்டில் தரையோடு தரையாக, பெருமரங்களின் அடர்நிழலில் வளர்வதால், மூன்றிலும் மிகக் குறைந்த ஒளியில் வாழக்கூடியது இதுவே. மரத்தில் தொற்றி வாழும் இனமன்று. தேங்காய் நார்க்கழிவும் சிறிது மணலும் கலந்த சாதாரண நடவுக்கலவையே போதும். இரண்டு, மூன்று கணு உள்ள தண்டை ஒடித்து நட்டால் வேர்விடும். ஒரு தொட்டி ஓராண்டில் இரண்டு தொட்டியாகலாம். மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கையில் இருந்த நண்பருக்கு ஒன்றைக் கொடுக்கலாம்.

மூன்றாவது, பாபியோபெடிலம். பூவின் ஓரிதழ் செருப்பின் முன்பகுதியைப்போலக் குவிந்திருப்பதால் ஆங்கிலேயர் இதைச் சீமாட்டியின் செருப்பு என்றனர். வாங்கும்போது இலையைப் பாருங்கள். கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கட்டம் கட்டமாகக் கலந்த புள்ளி இலை கொண்டவை வெப்பத்தைத் தாங்கும். ஒரே பச்சையான இலை கொண்டவற்றுள் பல குளிர்ந்த இரவை வேண்டுவன. ஒரு பூவே பூக்கும். அது ஒரு மாதத்துக்கு மேலும் நிற்கும். விலை சற்று அதிகம், வளர்ச்சி மெதுவானது. பொறுமையுள்ளவர்க்குரிய செடி இது.

விரும்பினும் தவிர்க்க வேண்டியவை

நம் பூக்கடைகளிலும் நர்சரிகளிலும் மிகுதியாகக் கிடைப்பது டென்ட்ரோபியம். திருமண மேடைகளில் காணும் ஊதாவும் வெள்ளையும் கலந்த பூங்கொத்து பெரும்பாலும் இதுவே. விலை குறைவு, பார்வைக்கு எளியது. ஆனால் இதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கிய அறையில் இலையை மட்டும் நீட்டிக்கொண்டு பூக்காமல் நிற்கும். வாண்டாவுக்கு வெயில் இன்னும் மிகுதியாகத் தேவை. மொட்டைமாடியிலோ, காலை வெயில் விழும் பால்கனிக் கம்பியிலோ இடமிருப்போர் இவ்விரண்டையும் வளர்க்கலாம். சிம்பிடியம் குளிர்ந்த மலையிரவுகளை வேண்டுவது. சென்னையில் அதற்கு வாழ்வில்லை.

சுற்றுலா சென்ற மலையிலிருந்து மரத்தில் ஒட்டிய செடியைப் பிய்த்துக்கொண்டு வருவோரும் உளர். அதை அருள்கூர்ந்து தவிர்க்க வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963 முதல் ஆர்க்கிட்டுகளுக்கென்றே ஒரு தோட்டத்தைப் பேணி வருகிறது. அக்குளிரில் தழைக்கும் செடி பேசின் பிரிட்ஜ் அறையில் ஒரு கோடையைக் கடவாது. செடியின் அழிவும் கருதத்தக்கது. செருப்பு ஆர்க்கிட்டுகளில் ஒன்றான பாபியோபெடிலம் துருரியை, அகத்தியமலைப் பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் காண இயலாது. சேகரிப்போர் பிடுங்கிப் பிடுங்கி அது அருகிவிட்டது. காட்டிலிருந்து செருப்பு ஆர்க்கிட்டுகளை எடுப்பதை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது.

வாங்க வேண்டியது நர்சரியில் பிறந்து வளர்ந்த செடியையே. ஆர்க்கிட் விதை தூசியைப்போல் நுண்ணியது. தனக்கென உணவுச் சேமிப்பு இல்லாதது. இயற்கையில் ஒரு பூஞ்சை அதற்கு உணவூட்டினால்தான் முளைக்கும். 1922-இல் அமெரிக்க அறிவியலாளர் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சையின் துணையின்றியே அதை முளைக்கச் செய்து காட்டினார். செல்வர் வீட்டுக் கண்ணாடி மாடங்களில் மட்டுமே இருந்த செடி, இன்று சில நூறு ரூபாய்க்கு நம் வீட்டுக்கு வருவதற்கு அதுவே வழிவகுத்தது.

வேர் சொல்வதைக் கேளுங்கள்

வீட்டு ஆர்க்கிட்டுகள் மடிவதற்கு முதற்காரணம் அன்பின் மிகுதி, அதாவது தண்ணீரின் மிகுதி. நாளொன்றுக்கு எவ்வளவு நீர் அருந்தலாம் என்று அளந்து வாழும் சிறுநீரக நோயாளிகளுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

ஃபலனாப்சிஸ் ஒரு தொற்றுத்தாவரம். மரத்தில் தொற்றியிருந்தாலும் மரத்தின் உணவை அது திருடுவதில்லை; மழையையும் காற்றின் ஈரத்தையும் வேரால் பற்றி வாழ்கிறது. பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலில் 'வெலாமன்' என்று படித்தது நினைவிருக்கலாம். வேரைப் போர்த்திய பஞ்சு போன்ற அத்திசு உலர்ந்திருக்கையில் வெள்ளி நிறமாகவும், நீரை உறிஞ்சியதும் பச்சையாகவும் மாறும். வேருக்கு நீரைப்போலவே காற்றும் வேண்டும். எப்போதும் ஈரத்தில் ஊறினால் அது மூச்சுத் திணறி அழுகும்.

எனவே நாட்காட்டியைப் பார்க்க வேண்டா, வேரைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டியில் நட்டால் இது எளிது. வேர் பச்சையாக இருந்தால் பொறுத்திருங்கள். வெள்ளி நிறமானால் நீர் வாருங்கள். கோடையில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறையும், மழைக்காலத்தில் எட்டுப் பத்து நாளுக்கு ஒருமுறையும் தேவைப்படலாம். காலையில் ஊற்றி, அடித்துளை வழியாக முழுதும் வடிய விடுங்கள். இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் ஒரு துணி நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இல்லையேல் குருத்து அழுகும். லுடிசியாவும் பாபியோபெடிலமும் இதற்குச் சற்று மாறானவை. அவற்றின் நடவுக்கலவை முற்றிலும் உலர்ந்துவிடாமல் மெல்லிய ஈரத்துடன் இருக்க வேண்டும். ஆனால் சேறாகக் கூடாது.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். வடசென்னையில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உப்புக் கலந்தது. அந்த உப்பு வேர்நுனியைக் கருக்கிவிடும். மழைநீர் மிகச் சிறந்தது; வடகிழக்குப் பருவமழையின்போது ஓரிரு குடம் பிடித்து வைத்தாலே பல வாரங்களுக்கு வரும். குடிநீர்க் கேனில் எஞ்சும் நீரும், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரும் உப்புக் குறைந்தவை. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரை மட்டும் ஊற்றலாகாது; கருவி பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இங்கு ஒரு எச்சரிக்கையும் தேவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்த சிறுநீர்த் தேக்கங்களில் முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் முழுக் கொசுவாகிவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் வடிந்த நீரை உடனே கொட்டிவிடுங்கள். பிடித்து வைத்த மழைநீரை இறுக மூடி வையுங்கள். நோயாளியின் அறையில் கொசு வளர்ப்பதைவிடச் செடி வளர்க்காதிருப்பதே மேல்.

தொட்டி, காற்று, தூசு

ஃபலனாப்சிஸ் செடிக்கு மண் ஆகாது. ஒரு பங்கு அடுப்புக்கரித் துண்டுகளும் இரு பங்கு தேங்காய் மட்டைத் துண்டுகளும் கலந்தால் போதும். மட்டைத்துண்டுகளை இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, அந்நீரைப் பலமுறை மாற்றி, சாயமும் உப்பும் நீங்கியபின் பயன்படுத்த வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மட்டை மட்கும். அப்போது புதியதாக மாற்றலாம்.

19:19:19 என்று குறிக்கப்பட்ட நீரில் கரையும் உரத்தை, ஒரு லிட்டர் நீருக்கு அரை கிராம் வீதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தரலாம். மாவுப்பூச்சி தென்பட்டால் சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுங்கள். நோயாளி இருக்கும் அறைக்குள் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது.

நம் பகுதிக்கே உரிய வேலை ஒன்று உண்டு. துறைமுகத்தை நோக்கிச் செல்லும் சரக்கு லாரிகளும் தொழிற்சாலைகளும் எழுப்பும் தூசு சன்னல்வழி வந்து இலையில் படியும். ஒளியே குறைந்த அறையில், வரும் ஒளியையும் தூசு மறைத்துவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைத்தால் செடி பிழைக்கும். கட்டிலில் அமர்ந்தபடியே செய்யக்கூடிய வேலை இது. விரல்களுக்கு மெல்லிய பயிற்சியுமாகும்.

அக்கினி நட்சத்திர நாள்களில் செடியைச் சன்னலிலிருந்து ஓரடி உள்ளே நகர்த்துங்கள். மின்விசிறிக் காற்று மெல்லப் படுவது நல்லது. குளிர்சாதனக் காற்று நேராக வீசக்கூடாது.

பூ உதிர்ந்தபின்

இரண்டு, மூன்று மாதங்களுக்குப்பின் ஃபலனாப்சிஸ் தன் பூக்களை ஒவ்வொன்றாக உதிர்க்கும். செடி இறந்துவிட்டதென்று எண்ணிப் பலர் அப்போதே எறிந்துவிடுகின்றனர். செடி இறக்கவில்லை; ஓய்வெடுக்கிறது. பூந்தண்டு காய்ந்ததும் வெட்டிவிட்டு வழக்கம்போல் நீர் வாருங்கள்.

மீண்டும் பூக்க அதற்குச் சில வாரங்கள் குளிர்ச்சி வேண்டும். ஏறத்தாழ 25 பாகைக்கு மேற்படாத வெப்பநிலையில்தான் பூந்தண்டு தோன்றும். சென்னையில் அத்தகைய இரவுகள் மார்கழி, தை மாதங்களில் வருகின்றன. அப்போது இரவில் செடியைத் திறந்த சன்னலருகே வைத்துப் பாருங்கள். தண்டு எழுந்தால் மகிழ்ச்சி. எழாவிட்டால் ஒளி போதவில்லை என்று பொருள். அடுத்த ஆண்டு இன்னும் சற்றுச் சன்னலை ஒட்டி வைக்கலாம்.

இதனுடன் மற்றொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறோம். நோயாளி உள்ள வீட்டில் செடி வாடினால் அதைச் சகுனமாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனத்துக்குள் அஞ்சுவோர் பலர். ஆர்க்கிட் வாடுவது நீர் மிகுந்ததால். அல்லது ஒளி குறைந்ததால். அல்லது பூக்கும் பருவம் முடிந்ததால். கட்டிலில் இருப்பவரின் உடல்நிலைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவ்வச்சம் நோயாளியை வருத்தும் எனத் தோன்றினால், பூச்செடியைத் தவிர்த்து, ஆண்டு முழுதும் ஒரே தோற்றத்தில் நிற்கும் லுடிசியாவைத் தேர்ந்தெடுங்கள்.

செடி நோயைத் தீர்க்குமா?

தீர்க்காது. அறைக்காற்றைத் தூய்மையாக்கும் என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டா. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வு, காற்றுப்புகாத சிறு பெட்டிகளுக்குள் செய்யப்பட்டது. காற்று வந்துபோகும் வீட்டில் அதே பயனைப் பெறச் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று 2019-இல் வெளியான ஒரு மறுஆய்வு கணக்கிட்டது. ஆகவே ஆஸ்துமா உடையவர்கள் உறிஞ்சும் மருந்தைக் குறைத்துக்கொண்டு செடியை நம்பலாகாது.

எனினும் பயனே இல்லை என்றும் கூற இயலாது. 1984-இல் ரோஜர் உல்ரிச் என்னும் அறிஞர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை ஒப்பிட்டார். சன்னல்வழி மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிட ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அதற்கு எட்டாண்டுகள் முன், 1976-இல், எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு உளவியலாளர்கள் முதியோர் இல்லம் ஒன்றில் செடிகளைக் கொடுத்தனர். ஒரு தளத்தினரிடம், "இது உங்களுடையது, நீங்களே கவனியுங்கள்" என்னும் பொருள்படக் கூறி, அன்றாட வாழ்வில் வேறு சில தெரிவுகளையும் அவர்களிடமே விட்டனர். மற்றொரு தளத்தினரிடம், செவிலியர் பார்த்துக்கொள்வர் என்றனர். தாமே பொறுப்பேற்றவர்கள் பிறரைவிட ஊக்கத்துடனும் மகிழ்ச்சியுடனும் இருந்ததாக அவர்கள் பதிவுசெய்தனர். இவை சிறிய ஆய்வுகளே. செடி மட்டுமே காரணம் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அவை சுட்டும் திசை எங்கள் அனுபவத்தோடு பொருந்துகிறது.

நோயுற்றவருக்கு எல்லாவற்றையும் பிறரே செய்கின்றனர். மருந்தை எடுத்துத் தருவதும், நீரை அளப்பதும், போர்வையை விரிப்பதும் பிறர் கை. அன்பினால் செய்யப்படுபவையே ஆயினும், நாளடைவில் தம்மால் எவருக்கும் பயனில்லை என்ற எண்ணம் அவருக்குள் வேர்கொள்கிறது. ஒரு சிறு தொட்டி அந்த ஏற்பாட்டில் ஓர் இடத்தை மாற்றி வைக்கிறது. வேர் வெள்ளி நிறமாயிற்றா, பச்சையாகவே உள்ளதா என்று பார்த்து, "இன்று ஊற்றலாம்" என்றோ "நாளை பார்க்கலாம்" என்றோ சொல்ல வேண்டியவர் நோயாளியே. கை நடுங்கினால் சிறு பிளாஸ்டிக் புட்டியின் மூடியில் துளையிட்டுக் கொடுங்கள். எழ இயலாவிட்டால் அவர் சொல்ல, நீங்கள் ஊற்றுங்கள். அவர் மறந்தாலும் நினைவூட்டிக் கடிந்துகொள்ள வேண்டா. ஒரு வாரம் நீரின்றி இருந்தாலும் ஃபலனாப்சிஸ் மன்னிக்கும்.

உடனிருப்போருக்கும் ஒரு சொல். உங்கள் தோளில் ஏற்கெனவே பாரம் மிகுதி. செடி அதில் இன்னொரு சுமையாகுமெனில், இப்போது வாங்க வேண்டா. பரிசாக வந்ததையும் அடுத்த வீட்டாருக்குக் கொடுத்துவிடலாம், அதில் குற்றமில்லை.

சில கேள்விகள்

படுக்கையறையில் இரவில் செடி இருந்தால் மூச்சு முட்டுமா?
முட்டாது. ஒரு செடி இரவில் எடுத்துக்கொள்ளும் பிராணவாயு மிகமிகச் சிறிது. அறையில் உடன் உறங்கும் ஒருவர் எடுப்பதோடு ஒப்பிடவே இயலாது. ஃபலனாப்சிஸ் கரியமில வாயுவைப் பெரும்பாலும் இரவில்தான் உள்ளிழுக்கிறது என்பதும் குறிப்பிடத்தக்கது.

குழந்தை இலையைக் கடித்துவிட்டால்?
ஃபலனாப்சிஸ் நச்சற்ற செடி என்றே கருதப்படுகிறது. மணிபிளான்ட் அப்படியன்று, அதன் சாறு வாயிலும் தொண்டையிலும் எரிச்சலை உண்டாக்கும். எனினும் உரமும் மருந்தும் பட்ட செடியை எவரும் வாயில் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
பூவின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டா. இலை உறுதியாக, சுருக்கமின்றி இருக்கிறதா, வேர் தடித்துப் பசுமையாக உள்ளதா, இலையின் அடியில் வெண்பஞ்சு போன்ற பூச்சி ஒட்டியுள்ளதா என்று பாருங்கள். பாதி மொட்டாக உள்ள செடி, முழுதும் மலர்ந்ததைவிட நீண்ட நாள் உங்களுடன் இருக்கும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது?
சன்னலிலிருந்து மூன்றடிக்குள் இடமிருந்தால் ஃபலனாப்சிஸ். அதைவிட ஒளி குறைந்த இடமெனில் லுடிசியா. வாங்குவதற்கு முன் ஒரு நாள் நண்பகலில் வெள்ளைத் தாளை விரித்து நிழலைப் பாருங்கள். நோயாளிக்குச் செடி ஆகுமா என்று எங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். இரண்டுக்கும் செலவில்லை.